பெல்ஜியத்து ஆம்பர் பீரைச் சுவைப்பது எப்படி: குன்னூர் தேயிலை டேஸ்டர் ஒருவரின் முறை

முப்பத்தொரு வருடம் லிக்கரை உறிஞ்சித் துப்பியே சம்பாதித்தவன் நான். பதற வேண்டாம். தேயிலைத் தொழிலில் கோப்பையில் வடித்த தேநீருக்கு லிக்கர் என்றுதான் பெயர். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டையும் யாராவது உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, இது இன்ன விலை பெறும் என்று சொல்லியாக வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் நானும் ஒருவன். பருவம் சூடுபிடித்தால் ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை.

அண்ணன் மகன் பெல்ஜியத்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் விமானப் பயணிக்கு வரியில்லாமல் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குள் எனக்கென்று அந்த ஊர் ஆம்பர் பீரில், அதாவது செம்பழுப்பு நிற பீரில், இரண்டு சின்ன பாட்டில் ஒதுக்கிவிடுவான். முதல் முறை வந்த அன்று மாலையே, கோயம்புத்தூரிலிருந்து காரில் ஏறிவந்த களைப்போடு, ஒரு பாட்டிலை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து மூடியைத் திறந்தான். பாதி நுரையாக மேசைவிரிப்புக்குப் போயிற்று. மீதியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, "எப்படி இருக்கிறது சித்தப்பா?" என்றான். "ஐஸ் போட்ட சேறு" என்றேன். பையனுக்கு முகம் சுண்டிவிட்டது.

இரண்டாவது பாட்டிலை அவன் பெல்ஜியம் திரும்பிய பிறகு, பெயர் தெரியாத தோட்டத்திலிருந்து வந்த சாம்பிளை எப்படி நடத்துவேனோ அப்படி நடத்தினேன். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு ஒன்பது பாட்டில் ஆகிவிட்டது. கீழே இருப்பது அந்த ஒன்பதிலிருந்து கற்றது.

கையில் இருப்பது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். நம் ஊர்க் கடையில் வாங்கும் பீர் பெரும்பாலும் லாகர். குளிரில் மெதுவாக நொதித்து, வடிகட்டி, பளிச்சென்று அடைத்தது. இது ஏல், 20 டிகிரியும் அதற்கு மேலுமான வெதுவெதுப்பில் நொதிப்பது. அந்த வெப்பத்தில் பெல்ஜிய ஈஸ்ட் சும்மா இருப்பதில்லை. வாழைப்பழம், கிராம்பு என்று நமக்குத் தோன்றும் மணமெல்லாம் அது தானாக உண்டாக்குபவை. அதன் பிறகு பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்து மூடி, சில வாரங்கள் கதகதப்பான அறையில் வைக்கிறார்கள். மூடிய பாட்டிலுக்குள்ளேயே மறுபடி ஒரு நொதிப்பு. உண்டாகும் கரியமில வாயுவுக்குப் போக வழியில்லை, பீரிலேயே கரைகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் படிகிறது. நான் சேறு என்று திட்டியது அதைத்தான்.

இன்னொரு சரக்கும் உள்ளே இருக்கிறது. பெல்ஜியத்தில் பல வலுவான பீர்களுக்கு பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைச் சேர்ப்பார்கள். அதைக் 'கேண்டி' என்கிறார்கள். நம் கற்கண்டில் இருக்கும் கண்டுக்கு அந்தச் சொல் தூரத்து உறவு. சர்க்கரை சேர்த்தால் தித்திக்கும் என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றுவிடும். போதை ஏறும், பீரின் உடம்பு, அதாவது வாயில் உணரும் கனம், கூடாது. பாகாகக் காய்ச்சிக் கறுக்கவிட்ட வகையைப் போட்டிருந்தால் கருப்பட்டி வாசனை மட்டும் தங்கும்.

லேபிளில் ஆல்கஹால் சதவீத எண்ணைப் பாருங்கள். குவாக் என்ற பெல்ஜிய பீர் என்றால் 8.4, சிமே சிவப்பு என்ற பீர் என்றால் 7. எனக்கு வருபவை பெரும்பாலும் 8க்கும் 9க்கும் நடுவில். 330 மில்லி பாட்டில் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் 8.5 சதவீதத்தில் அதற்குள் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீத பீரின் 650 மில்லி பாட்டிலில் இருப்பதை நெருங்கிவிடுகிறது. இரண்டு பேருக்கு ஒரு பாட்டில், ஒரு மணி நேரம். பர்லியார் இறக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டியவர் அன்று மணம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஓர்வால் என்ற பெல்ஜிய பீர் கிடைத்தால் அதை மட்டும் தனியாக வையுங்கள். அதுவும் ஆம்பர் நிறம்தான். ஆனால் 6.2 சதவீதம், காட்டு ஈஸ்ட் சேர்ந்தது, கசப்பும் வறட்சியுமாக வேறு சாதி. அதற்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

இனி நம் ஊர் விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவில் குலுங்கி வந்த பாட்டிலில் வண்டல் முழுக்கக் கலைந்திருக்கும். நிற்கவைத்து, வெளிச்சம் படாத அலமாரியில், குறைந்தது ஒரு வாரம் விட்டுவிடுங்கள். படுக்கவைத்தால் வண்டல் பக்கவாட்டில் படிந்து, ஊற்றும்போது கூடவே வரும். அடுத்தது உயரம். குன்னூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,850 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவது தேயிலைக்காரர்களுக்கெல்லாம் தெரியும். அதே காரணத்தால் பாட்டிலுக்குள் அடைபட்ட வாயு இங்கே இன்னும் வேகமாக வெளியேறுகிறது. சமவெளியில் இரண்டு விரல் நுரை என்றால் இங்கே அதைவிடக் கூடும். அண்ணன் மகன் மேசைவிரிப்பை நனைத்ததற்குக் குலுக்கலும் உயரமும் சேர்ந்துதான் காரணம். ஆகவே திறக்கும்போது பாட்டில் குளிர்ந்தே இருக்கட்டும். குளிர்ந்த பீர் வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூடியை நெம்பியதும் உஸ்ஸென்று சத்தம் வந்தால் அப்படியே நிறுத்தி, அது அடங்கிய பிறகு முழுதாக எடுங்கள். சிங்க் பக்கத்தில் நின்று செய்வது நல்லது.

கோப்பைக்காக அலைய வேண்டியதில்லை. குவாக்குக்கு மரத்தாங்கியில் நிற்கும் குண்டு அடிக் கண்ணாடி உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், சுவைக்க அவசியமில்லை. வயிறு அகன்று வாய் குறுகிய ஒயின் கண்ணாடி போதும். எங்கள் தொழிலின் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு முறை ஊற்றிப் பார்த்தேன். நிறம் அழகாகத் தெரிந்தது, மணம் நாலு திசையும் ஓடிவிட்டது. கழுவுவதில்தான் கவனம் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரைக்கு எமன். உப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். சமையலறைத் துணியால் துடைக்கவே வேண்டாம். ஊற்றிய பிறகு கண்ணாடிச் சுவரில் குமிழிகள் அம்மை போட்டது போல ஒட்டி நின்றால், கழுவியது சரியில்லை என்று பொருள்.

ஊற்றுவது ஒரே மூச்சில் நடக்க வேண்டும். கண்ணாடியைச் சாய்த்து, சுவரோரமாக, பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் ஊற்றுங்கள். நிமிர்த்தினால் அடியிலிருக்கும் வண்டல் எழுந்துவிடும். பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தெளிந்த பீருக்குப் பின்னால் புகை போல ஒன்று நகர்ந்து வருவது தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். அடியில் ஒரு விரற்கடை மிஞ்சும். அதைக் கொட்ட வேண்டாம், கடைசியில் வேலை இருக்கிறது.

நிறம் பார்க்க வெள்ளைத் தாளைப் பின்னால் பிடியுங்கள். இலையை நொறுக்காமல் உருட்டித் தயாரிக்கும் நல்ல நீலகிரி ஆர்தடாக்ஸ் தேநீரைச் சற்று நேரம் கூடுதலாக ஊறவிட்டால் வரும் செம்பழுப்பு. லேசாகக் கலங்கியிருந்தால் உடனே வண்டலைக் குறை சொல்லாதீர்கள். உடம்புள்ள தேநீர் ஆறும்போது பால் விட்டது போலக் கலங்குமே, தொழிலில் அதை க்ரீம் டவுன் என்போம், நல்ல அடையாளம். குளிர்ந்த பீரிலும் புரதமும் துவர்ப்புப் பொருளும் கைகோத்து அப்படி ஒரு கலங்கல் வருவதுண்டு. சூடேறினால் தானே தெளியும். வண்டல் தெளியாது.

இப்போது பொறுமை. மற்றதெல்லாம் ஏற்பாடுதான்; நான் சொல்ல வந்தது இதை. டேஸ்டிங் அறையில் சேரும் புதுப் பையன்கள் செய்யும் முதல் தவறு, தேநீரைச் சூடாக உறிஞ்சுவது. கொதிக்கும்போது எல்லாத் தேயிலையும் நல்ல தேயிலை. ஆறினால்தான் புகை வாடை, கருகல், ஈரம் பட்ட மூட்டை எல்லாம் வெளியே வரும். பீருக்கு இது தலைகீழ். ஜில்லென்று இருக்கும்போது எல்லா பீரும் ஒரே பீர். தேநீரை ஆறவிட வேண்டும், இதைச் சூடேறவிட வேண்டும். இரண்டும் நடுவழியில் ஏதோ ஒரு வெப்பத்தில்தான் உண்மை பேசுகின்றன. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஏல் 4, 5 டிகிரியில் இருக்கும். 8 டிகிரியில் முதல் மடக்கு, 12இல் இரண்டாவது, 16இல் மூன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டே 12 டிகிரி. அங்கு வைத்துக் குடித்தால் கண்ணாடி 12 வரை அவசரப்படாமல் ஏறும், மூன்றாவது மடக்குக்கு மட்டும் உள்ளங்கையில் ஏந்திச் சூடேற்ற வேண்டும். சமையலறை வெப்பமானி இல்லாதவர்கள் முதல் மடக்குக்குப் பின் இருபது நிமிடம், பிறகு இன்னொரு இருபது என்று கணக்கு வைக்கலாம்.

ஒவ்வொரு முறையும் மணம் முதலில். கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டுக் குட்டி மூச்சாக இரண்டு மூன்று. நீண்ட மூச்சு இழுத்தால் மூக்கு மரத்துவிடும். அன்று காலையில் தலைவலிக்கு யூகலிப்டஸ் தைலம் தடவியிருந்தால் பாட்டிலை நாளைக்கு ஒத்திவையுங்கள். ஊட்டிப் பக்கத்து வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும் விபத்து.

குடிக்கும் விதத்தில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சினேன். தேநீரை உறிஞ்சினால் அது துளித்துளியாகி மூக்கின் பின்வாசலுக்கு ஏறும், அதற்காகத்தான் அந்தச் சத்தம். தன் கனஅளவைப் போல மூன்று மடங்கு வாயு கரைந்திருக்கும் பீரை அப்படி உறிஞ்சினால் வாய் முழுக்க நுரை, மூக்கிலும் நுரை, கண்ணில் தண்ணீர். மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து தலையில் தட்டினாள். இதை உறிஞ்ச வேண்டாம். ஒரு வாய் எடுத்து, நாக்கில் இரண்டு விநாடி நிறுத்தி, வாயு அடங்கியதும் விழுங்குங்கள். துப்பவும் வேண்டாம். விழுங்கிய கையோடு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். கிராம்பும் பழமும் அந்த வெளிமூச்சில்தான் வரும்.

என் நோட்டுப் புத்தகத்தில் நான்காவது பாட்டிலுக்கு எழுதியதை அப்படியே தருகிறேன். "8: மூக்கு மூடியிருக்கிறது. கிராம்பு, தூரத்தில். வாயில் குத்தல் அதிகம். 12: நெய்யில் வாட்டிய நேந்திரம், கருப்பட்டிப் பாகு, உலர்திராட்சை. ரொட்டியின் கருகிய ஓரம். தித்திப்பாகத் தொடங்கி உலர்ந்து முடிகிறது. கசப்பு வால் மட்டும். 16: தொண்டையில் சாராயச் சூடு. கிராம்பு மிளகாகிவிட்டது. பழம் போய்விட்டது. சிறந்தது 12, 13." உங்கள் மூக்குக்கு வேறு பழம் வரலாம். பழனி மலைக்காரர்களுக்கு விருப்பாச்சி மலைவாழை தோன்றக்கூடும். எழுதிவைப்பதுதான் முக்கியம், அடுத்த மடக்கு முந்தியதை அழித்துவிடும்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது டேஸ்டருக்குச் சோறு போட்ட கலை, ஆகவே கொஞ்சம் விவரமாக. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. மழையில் நனைந்த தேயிலைச் சாக்கும் அதே வாடைதான். ஆனால் இந்த ரகத்தில் வயதான உலர்திராட்சை வாசம் வந்தால் அது குறையல்ல, கிழவனின் மணம். ரப்பர் எரிந்தது போல வந்தால் வெயில் பட்டிருக்கிறது. வெளிச்சத்தில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சத்து சிதைந்து அப்படி நாறும். பச்சைப் பாட்டிலில் சீக்கிரம் நடக்கும், பழுப்புப் பாட்டிலில் தாமதமாக. காடி போலப் புளித்தால் தூக்கி எறியுங்கள். சோயா சாஸ் வாடை என்றால் ஈஸ்ட் செத்துச் சிதைந்துவிட்டது, சூடான இடத்தில் வைத்திருந்தார்கள்.

கொறிக்க மசாலாக் கடலை வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், நாக்கு அதோடு சரி. எங்கள் வீட்டில் ஊட்டி வர்க்கி, அல்லது வெண்ணெய் தடவிய அவித்த உருளைக்கிழங்கு. வயதான சீஸ் கிடைத்தால் அதைவிட மேல்.

கடைசியில் அந்த ஒரு விரற்கடை. பாட்டிலை ஒரு சுழற்றுச் சுழற்றி, வண்டலோடு தனிச் சின்ன கண்ணாடியில் ஊற்றிப் பாருங்கள். கிராம்பு மங்கி, புளித்த மாவின் வாசமும் ரொட்டியின் கனமும் வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. அண்ணன் மகன் அதைத் தெளிந்த பீரில் கலந்தே குடிக்கிறான். கேட்டால் அங்கே பாதிப் பேர் அப்படித்தான் என்கிறான். எனக்கு ஒரு மிடறு போதும், அதற்கு மேல் போனால் காலையில் வயிறு இளகிவிடுகிறது.

காலி பாட்டிலை அன்றிரவே கழுவிவிடுங்கள். ஈஸ்ட் காய்ந்து ஒட்டினால் பிரஷ் போட்டாலும் வராது. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கும். இதற்குக் கிடைக்காது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.