மாசி வீதிகளுக்குள்ளே மார்கழிக் குளிர்: நடுங்காமல் அனுபவிக்க ஒரு செய்முறை

மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளுக்கு உள்ளே ஏதாவது ஒரு சந்தில் புதிதாகக் குடிவந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்கழி பிறந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மதுரையில் கூடக் குளிருமா?" என்பதுதான். குளிரும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும். சில நாட்களில் 18 வரைக்கும் இறங்கும். மத்தியானம் மறுபடி 30-க்குப் பக்கத்தில் போய்விடும்.

எண்ணைப் பார்த்தால் இது பெரிய குளிர் இல்லை. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி வெயிலிலேயே பழகிய உடம்பு நம்முடையது. வீடுகளும் வெயிலை நினைத்துக் கட்டியவை. நடுவில் முற்றம், உயரமான கூரை, சுவரின் உச்சியில் எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துளை, வழுவழுப்பான தரை. சித்திரை மாதத்தில் நம்மைக் காப்பாற்றுகிற இதே அமைப்புதான் மார்கழியில் குளிரை உள்ளே கூட்டி வருகிறது.

அதற்காகக் கதவை அடைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இந்த ஊரின் நடுப்பகுதியில் வியர்க்காமல், மூச்சு முட்டாமல் நடக்கக் கிடைப்பது இந்த இரண்டு மாதம்தான். காது, பாதம், வயிறு மூன்றையும் சூடாக வைத்துக்கொண்டால் போதும், தைரியமாகத் தெருவில் இறங்கலாம்.

முதல் வேலை: வீட்டைத் தயார் செய்யுங்கள்

தரையிலிருந்து ஆரம்பியுங்கள். டைல்ஸும் மொசைக்கும் சிவப்பு சிமெண்டுத் தரையும் பாதத்தின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். கட்டிலிலிருந்து கால் வைக்கிற இடத்தில் ஒரு ஜமுக்காளமோ பழைய பாயோ விரித்துவிடுங்கள். தரையில் படுக்கிறவர்கள் கோரைப்பாய் போட்டு அதன்மேல் ஜமுக்காளம், அதற்கும் மேல் மெத்தை என்று அடுக்குங்கள். போர்வை எத்தனை தடியாக இருந்தாலும் அடியில் விரிப்பு இல்லாவிட்டால் முதுகு குளிரும்.

அப்புறம் ஜன்னல். மத்தியானம் முழுக்கத் திறந்து வையுங்கள், வெயில் உள்ளே வரட்டும். பொழுது சாய்வதற்குள், ஐந்தரை மணிவாக்கில், மூடிவிடுங்கள். ஆறரைக்கு மேல் மூடினால் குளிர்ந்த காற்றைத்தான் உள்ளே பூட்டி வைப்பீர்கள். முற்றம் உள்ள பழைய வீடாக இருந்தால் முற்றத்தை ஒட்டிப் படுக்காமல் உள்ளறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

போர்வைக்கு ஒரு யோசனை. தடிமனான கம்பளி ஒன்று வாங்குவதைவிட, மெல்லியதாக இரண்டு போர்த்துவது நல்லது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய சுங்குடிச் சேலை ஒன்றை நான்காக மடித்து உள்ளே போர்த்தி, மேலே சாதாரணப் போர்வை போட்டுக்கொள்ளுங்கள். மதுரைக் குளிருக்கு அது தாராளம். கொசுவுக்குப் பயந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே தூங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கொசுவலை கட்டுங்கள், விசிறியே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கொசு அதிகம் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

குளியல் எளிது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் விடிகாலையில் சில்லென்று இருக்கும், மாலை நான்கு மணிக்கு வெதுவெதுவென்று இருக்கும். குளிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டாயம் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மூடிய அறைக்குள் கரி அடுப்போ கங்குச் சட்டியோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சின்னக் குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி என்றால், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது: என்ன உடுத்துவது

ஸ்வெட்டர் அவசியமில்லை. முழுக்கை பருத்திச் சட்டை, அதற்குள் ஒரு பனியன், காதைச் சுற்றி மப்ளர் அல்லது ஒரு துண்டு. பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அனுபவத்தில் வந்த ஏற்பாடு. வண்டியில் போகிறவர்களுக்கு நெஞ்சுதான் முக்கியம். எதிர்காற்று நேராக அங்கேதான் அடிக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றி மடித்துவிடலாம், அதனால் எதையும் மெல்லியதாகவே எடுங்கள்.

கைக்குழந்தைகளையும் ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களையும் வயதானவர்களையும் விடிகாலைப் பனியில் கூட்டிப் போக வேண்டாம். ஏழரை மணி வெயிலுக்கு வரட்டும்.

மூன்றாவது: விடிகாலையில் இறங்குங்கள்

ஐந்து மணிக்கு எழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, நடுவில் சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ செருகி வைப்பது மார்கழி வழக்கம். சந்து வாசல் இரண்டடிதான் என்றாலும் அதற்குள் அடங்குகிற கோலம் இருக்கிறது. தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றால் குளிர் ஏறும் என்பதால், தண்ணீர் தெளித்து ஒரு பத்து நிமிஷம் விட்டுப் பிறகு குனியுங்கள். தரை லேசாக ஈரமிருக்கும்போது மாவும் நன்றாக ஒட்டும்.

அடுத்தது நடை. நம் ஊர் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிந்தது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. புதிதாக நடக்கிறவர்கள் சித்திரை வீதியில் ஆரம்பியுங்கள், அங்கே வண்டித் தொல்லை இல்லை. உடம்பு சூடான பிறகு மாசி வீதிச் சதுரத்தைச் சுற்றலாம். நெருக்கமான கட்டடங்கள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க மெதுவாக விடுவதால், உள் சந்துகளில் குளிர் கொஞ்சம் அடக்கமாகவே இருக்கும். வடக்கே யானைக்கல் தாண்டி வைகை ஓரம் போனால் வெட்டவெளி, அங்கே காதை மூடிக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் போவதென்றால், மார்கழியில் நடை வழக்கத்தைவிட முன்னதாகத் திறக்கும். கைபேசிக்கு அனுமதி இல்லை, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கல்தரையின் குளிர் பாதத்தில் நன்றாக ஏறும். நடந்துகொண்டே இருந்தால் தெரியாது. உட்கார நினைத்தால் துண்டை மடித்துப் போட்டு உட்காருங்கள்.

மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று மட்டும் எப்படியாவது எழுந்துவிடுங்கள். அன்றைக்கு அஷ்டமி சப்பரம். எல்லா உயிர்களுக்கும் இறைவன் படியளந்ததை நினைத்து, சாமியும் அம்மனும் சப்பரத்தில் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். வழியெல்லாம் அரிசி தூவிக்கொண்டே போவார்கள். அந்த அரிசியைப் பொறுக்கி வீட்டில் வைத்தால் பசி வராது என்பது நம்பிக்கை. அம்மன் சப்பரத்தை இழுப்பது பெண்கள். அந்தக் கூட்டத்தில் நின்றால் குளிர் இருந்த இடம் தெரியாது.

நான்காவது: பருத்திப்பால்

இதைப் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். மதுரைக் குளிருக்கு இதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியாது. ஜிகர்தண்டா கோடைக்கு, பருத்திப்பால் பனிக்கு. தள்ளுவண்டியில் பெரிய பாத்திரம் வைத்து விற்பார்கள். ஆவி பறக்க ஒரு தம்ளர் குடித்தால் நெஞ்சு வரைக்கும் சூடு இறங்கும். "அண்ணே, சுக்கு கொஞ்சம் தூக்கலா" என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலும் செய்யலாம். நான்கு பேருக்கு:

பருத்தி விதை 1 கப்
பச்சரிசி 2 மேசைக்கரண்டி
பொடித்த கருப்பட்டி அல்லது வெல்லம் 1 கப்
சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி
ஏலக்காய் 4
தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி

விதையைக் கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ, "பருத்திப்பால் வைக்க" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். விதைப்புக்கு விற்கும் விதையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், அதைத் தொடவே கூடாது.

1. விதையை நான்கைந்து முறை அலசி, ராத்திரியே ஊற வையுங்கள். காலையில் பச்சரிசியைத் தனியாக இரண்டு மணி நேரம் ஊற வைத்தால் போதும்.

2. ஊறிய விதையைத் தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டுப் பிழியுங்கள். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால், மூன்றாம் பால் வரைக்கும் எடுக்கலாம். சக்கையில் வழவழப்பு போய்விட்டால் நிறுத்திவிடுங்கள்.

3. அரிசியை மை போல அரைத்து வையுங்கள். கருப்பட்டியை அரை தம்ளர் தண்ணீரில் கரைய விட்டு வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள்.

4. பருத்திப்பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பச்சை வாடை முழுக்கப் போக வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கிண்டுவதை விட்டால் அடிபிடித்து, எல்லாம் தீய்ந்த வாடை அடித்துவிடும்.

5. வாடை போனதும் அரிசி மாவைக் கரைத்து ஊற்றுங்கள். கெட்டிப்படத் தொடங்கும். அரிசி வெந்து பளபளப்பு வந்த பிறகு கருப்பட்டிப் பாகு. சேர்த்து ஒரு கொதி வந்ததும் சுக்கு, ஏலம் போட்டு இறக்குங்கள்.

6. தேங்காயை இறக்கிய பிறகு தூவுங்கள். கரண்டியில் எடுத்து ஊற்றினால் கூழ் போல் மெதுவாக வழிய வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும், கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

இது வயிற்றில் நிற்கிற பானம். ஒரு தம்ளர் குடித்துவிட்டு இட்லியையும் அதிகம் சாப்பிட நினைக்காதீர்கள்.

மாலையும் ராத்திரியும்

சாயங்காலத்துக்கு முள்முருங்கை வடை. இலையை அரிசியோடு அரைத்துப் பூரி போலத் தட்டிப் பொரித்து, மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று ஊரே நம்புகிறது. சுவைக்காகவே சாப்பிடலாம் என்பது என் எண்ணம். சுக்குமல்லிக் காபியோ மிளகு தூக்கலான எலும்பு சூப்போ அதற்குத் துணை. தூங்கா நகரம் என்பதால் ராத்திரி பதினோரு மணிக்கும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும், குளிர் ராத்திரியில் அதன் அருமை கூடுதல்.

இந்த மாதங்களில் மல்லிகை விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். பனியிலும் குளிரிலும் செடி மொட்டு வைப்பது குறைந்து வரத்து விழுந்துவிடும், முகூர்த்த நாள் வந்தால் விலை இன்னும் ஏறும். பூக்கார அக்காவிடம் டிசம்பர் பூவோ கனகாம்பரமோ கேளுங்கள். இந்தக் காலத்துக்கு அவைதான் அழகு.

போகியன்று மட்டும் விடிகாலை நடையை விட்டுவிடுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகை, பனியோடு சேர்ந்து தெருமட்டத்திலேயே நிற்கும்.

தை பிறந்தால் குளிர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தைப்பூசத்துக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. ராத்திரித் தெப்பத்துக்கு நீர்க்கரையில் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும், மப்ளரும் பிளாஸ்கில் சுக்குமல்லியும் எடுத்துப் போங்கள்.

போர்வைகளை மாசி கடைசியில் எடுத்து வைக்கலாம். துவைத்து, மொட்டை மாடி வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு நன்றாகக் காய விடுங்கள். மடிப்புக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை வைத்து பீரோவின் மேல்தட்டில் அடுக்குங்கள். துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும்.