தென்காசியில் வாடகை குறைவு என்று கேட்டு மூட்டை கட்டுமுன்

லேப்டாப் ஒன்று போதும், எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்த பிறகு, சென்னை, பெங்களூரு வாடகையில் நொந்தவர்கள் அடிக்கடி விசாரிக்கும் ஊர்களில் தென்காசியும் ஒன்று. மலை, சாரல், பக்கத்திலேயே குற்றாலம், குறைந்த வாடகை. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு ஆகிற செலவும், நாலு மாதம் தங்கிப்போக வருகிறவருக்கு ஆகிற செலவும் வேறு வேறு. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் வீட்டுக் கணக்கு. சிறு ஊரில் "வாடகைக்கு வீடு" என்றால் நாலு சுவரும் ஒரு மோட்டாரும்தான். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வேலை செய்ய மேசை நாற்காலி எல்லாம் நீங்கள்தான் வாங்க வேண்டும். போகும்போது பாதி விலைக்குத்தான் தள்ள முடியும். ஒரு பேச்சுக்கு வாடகை 8,000 என்றும், பொருள் வாங்கி விற்றதில் நட்டம் 30,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் இருந்தால் மாதம் 10,500 ஆகிறது. மூன்றே மாதத்தில் கிளம்பினால் மாதம் 18,000. இதில் புரோக்கர் கமிஷன், வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்ளும் தொகை எதுவும் சேரவில்லை. அட்வான்ஸுக்கு 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்தாலும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் விட்டிருக்கிறது. எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால், லாட்ஜிலோ மேன்ஷனிலோ மாத வாடகை பேசுவது பல நேரம் லாபமாக முடியும்.

அடுத்தது, எந்த மாதத்தில் ஊரைப் பார்க்கப் போகிறோம் என்பது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசன். ஜூலையில் போய் ஒரு வாரம் தங்குகிறவர் சாரலையும் குளிர்காற்றையும் பார்த்து ஊரைக் காதலிக்கிறார். அதே வாரம் அறை வாடகை உச்சத்தில் இருப்பதால் ஊர் செலவு அதிகம் என்றும் நினைத்துக்கொள்கிறார். இரண்டுமே வருடம் முழுக்க நிற்காது. ஏப்ரலில் தென்காசி வெயில் வேறு எந்தத் தென்மாவட்ட ஊருக்கும் சளைத்ததல்ல. நவம்பர் நடுவில் தொடங்கும் ஐயப்ப சீசனில் அறைகள் மறுபடி நிரம்பும். ஊரை எடை போட மார்ச், ஏப்ரலில் போய்ப் பாருங்கள் என்பதே என் சிபாரிசு. அந்த வெயிலில் அறைக்குள் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்ய முடிந்தால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலையில்லை.

வெயில் என்றால் கரண்ட் பில். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் கூடிவிடும். பகலெல்லாம் ஏசி போட்டு வேலை செய்கிறவருக்கு 500 தாண்டுவது பெரிய விஷயமில்லை. தனி மீட்டர் இருக்கிறதா, இல்லை வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கிறாரா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் நடக்கும் தவறு கொஞ்சம் நுட்பமானது. "பக்கத்து மத்தளம்பாறையிலேயே 2011 முதல் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி நடக்கிறதே, நெட்டுக்கு என்ன குறை?" என்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் தன் வளாகத்துக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு நீங்கள் வாடகைக்கு எடுக்கும் தெருவுக்கு வந்து சேராது. தெருவில் எந்தக் கம்பெனியின் ஃபைபர் ஓடுகிறது, கீழ்வீட்டுக்காரர் எதை வைத்திருக்கிறார், அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதுதான் கேள்வி. ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் வழக்கம். வீடியோ காலில் உங்கள் முகமும் குரலும் போய்ச் சேருவது அப்லோடில்தான். இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தினால் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2 மணிக்கோ, அதற்கும் பிறகோதான் வரும். முன்கூட்டியே பேப்பரில் போடுவார்கள். அந்த நாளிலேயே போய், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் மாட்டி, ஏரியாவில் கரண்ட் இல்லாதபோதும் லைன் உயிரோடு இருக்கிறதா, போன் சிக்னல் தாங்குகிறதா என்று பார்த்தால் ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

எழுதக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. இணையத்தில் போட்டிருக்கும் வாடகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. "பேச்சிலரா?", "அசைவம் சமைப்பீங்களா?", "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்விகள் இன்னும் பல வீட்டு வாசல்களில் நிற்கின்றன. தனியாக வரும் பெண்ணுக்கும், தலித்துகளுக்கும், இஸ்லாமியர்களுக்கும் கிடைக்கிற வீடுகள் எண்ணிக்கையில் குறைவு. குறைவாக இருப்பதாலேயே வாடகையும் கூடுகிறது. இது பெருநகரத்திலும் நடக்கிற அநியாயம்தான். அங்கே பத்து வீடு மறுத்தாலும் பதினோராவது இருக்கும், சிறு ஊரில் இருக்காது. நண்பருக்கு ஓர் ஊரைச் சிபாரிசு செய்யும்போது நமக்கு எளிதாகக் கிடைத்ததை வைத்து மட்டும் பேசக் கூடாது. அதேபோல, சென்னையோடு ஒப்பிட்டுக் கேட்ட வாடகையை அப்படியே கொடுப்பவர்களால், அதே தெருவில் பீடி சுற்றியோ கடையில் நின்றோ சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அடுத்த வருடம் வாடகை ஏறும். அக்கம்பக்கத்தில் விசாரித்து ஊர் வாடகைக்கே பேசுங்கள்.

அமெரிக்க நேரத்தில் வேலை செய்கிறவர்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து சாப்பிட என்ன திறந்திருக்கும், வண்டி இல்லாமல் நடக்குமா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சிறப்பு மருத்துவர் தேவைப்படும் நோய் உள்ளவர்கள் திருநெல்வேலிக்கு ஆகும் போக்குவரத்தையும் மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆபீஸுக்கு முகம் காட்டப் போகும் பயணம். தென்காசியில் விமான நிலையம் கிடையாது. தூத்துக்குடிக்கோ திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ போக வேண்டும். சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது, சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர். ஆனால் 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, பண்டிகை நாள்களுக்கு டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. வீடு பேசுவதற்கு முன்பே அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கான ஆபீஸ் தேதிகளை மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள். தேதி தர முடியாது என்றால் தட்கல் விலையையோ ஆம்னி பஸ் கட்டணத்தையோ வாடகையோடு கூட்டிக்கொண்டு, அதன் பிறகு சென்னையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.