ஜெர்ரி தாமஸின் 1862 காக்டெயில் நூலை அடையாளம் காண்பது

முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இந்நூலின் ஸ்கேன் பிரதியைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கப் போனால் ஏமாறுவது உறுதி.

அமெரிக்க பார்டெண்டரான தாமஸ் எழுதி, நியூயார்க்கின் டிக் அண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பதிப்பகம் வெளியிட்ட நூல் இது. தேடும்போது 'ஹவ் டு மிக்ஸ் டிரிங்க்ஸ்', 'பார்-டெண்டர்ஸ் கைடு', 'பான் விவான்ட்ஸ் கம்பானியன்' என்ற மூன்று பெயர்களையும் ஆங்கிலத்தில் தனித்தனியாக இடுங்கள். ஒரே நூலை விற்பவர்கள் வெவ்வேறு பெயரில் பட்டியலிடுவார்கள். பழைய நூல்களைத் தேட உதவும் ஏபிபுக்ஸ், வயாலிப்ரி இணையதளங்கள் இரண்டிலும், பிரதி வந்தால் தகவல் வரும்படி அறிவிப்பு வைத்துவிடுங்கள்.

பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள 1862-ஐ மட்டும் நம்பாதீர்கள். பின்னால் வந்த அச்சுகளிலும் பழைய ஆண்டு அப்படியே நிற்கக்கூடும். உள்ளடக்கம்தான் நல்ல சாட்சி: டாம் காலின்ஸ் என்ற காக்டெயிலின் செய்முறை இருந்தால் அது 1876 அல்லது அதற்குப் பிந்தையது. மார்ட்டினெஸ் காக்டெயில் இருந்தால், தாமஸ் 1885-இல் இறந்தபின் வந்த 1887 பதிப்பு. எழுத்தாளர் ஹெர்பர்ட் ஆஸ்பரியின் முன்னுரை இருந்தால் 1928-இல் நாஃப் பதிப்பகம் வெளியிட்ட மறுபதிப்பு. படிக்க அருமையானது, விலைதான் வேறு.

தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், முதுகு, கடைசிப் பக்கம் ஆகியவற்றின் படங்களைக் கட்டாயம் கேளுங்கள். 1862 நூலின் பிற்பகுதியில் கிறிஸ்டியன் ஷுல்ட்ஸின் மதுத் தயாரிப்புக் கையேடு சேர்ந்திருக்கும். அது இல்லையென்றால் பிரதி முழுமையல்ல.