ரத்து கேட்டது தவறு, விளம்புகை கேட்டதே சரி

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அப்பா பெயரில் கிரயமான நிலத்தை, உறவினர் ஒருவர் தன்னுடையது என்று வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நிலம் எங்கள் அனுபவத்தில்தான் இருக்கிறது.

முதலில் காவல் நிலையம். சிவில் விவகாரம் என்றார்கள். அப்புறம் பட்டா மேல்முறையீடு. உரிமையைத் தீர்மானிக்க வேண்டியது சிவில் நீதிமன்றம் என்று உத்தரவு வந்தது. சரி என்று, அந்தக் கிரயப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போட்டோம். வழக்குரையே, அதாவது நீதிமன்றத்தில் கொடுத்த வழக்கு மனுவே, திரும்பி வந்தது.

எங்கே பிசகு? பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்தவராகவோ வாங்கியவராகவோ அப்பா பெயர் அதில் எங்குமே இல்லை. பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் அதிலிருந்து விடுபட ரத்து கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர், அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கேட்டால் போதும். 2010-இல் சுஹ்ரித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வேறுபாடு இது. நான்கு பேரிடம் ஆலோசனை கேட்டும், ஐந்தாவதாகப் பார்த்த வழக்கறிஞர்தான் "இதில் உங்க அப்பா கையெழுத்து இருக்கா?" என்று கேட்டார்.

கோரிக்கையை மாற்றினோம்: நிலம் அப்பாவுடையது, அந்தப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகை, கூடவே எதிராளி நிலத்தில் தலையிடக் கூடாது என்று தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை. வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டிருந்தால் நிற்காது, உரிமையே மறுக்கப்பட்டிருக்கிறதே. நிலத்தின் சுவாதீனம் (கைவசம்) எதிராளியிடம் போயிருந்தால் அதை மீட்கவும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். இந்த முறை வழக்கு கோப்பில் ஏற்கப்பட்டு எண் விழுந்தது. பெரிய நிம்மதி.

வில்லங்கச் சான்று எடுத்த தேதியையும் வழக்குரையில் எழுதினோம். வழக்குப் போடுவதற்கான காலக்கெடு பற்றிக் கேள்வி வந்தால், எங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு அதுதான் சான்று.