லினக்ஸ் நிறுவும்போது கடிகாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் உள்ள கணினியிலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவியவர்கள், மறுபடி விண்டோஸுக்குள் நுழையும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதைப் பார்த்துத் திகைப்பதுண்டு. உடனே கையால் நேரத்தைத் திருத்துவதே பலரும் செய்யும் முதல் தவறு. மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். அதில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் யுடிசி எனப்படும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸில் திருத்தினால், அடுத்த முறை லினக்ஸ் ஐந்தரை மணி நேரம் முந்திக்கொண்டு எழும். இணையத்துடன் ஒத்திசைந்ததும் கடிகாரம் மறுபடி யுடிசிக்கு மாற, விண்டோஸில் பழைய சிக்கலே திரும்பும்.

இரண்டில் ஒன்றின் வழக்கத்தை மாற்றுவதே தீர்வு. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் வழியுண்டு. ஆயினும் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக்கி, அதை யுடிசிக்குப் பழக்குவதே மேல் என்பது என் கருத்து. கோடைகாலத்தில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் உள்ளூர் நேரம் பெரும் குழப்பம் தரும். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லாததால் பாதிப்பு குறைவு, அவ்வளவே. அவசரத்தில் இரண்டு மாற்றங்களையும் சேர்த்துச் செய்தால், இம்முறை விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் முந்திவிடும்.

திரையில் மணி சரியாகத் தெரிந்தால் போதும் என்று 'ஆசியா/கொல்கத்தா'வுக்குப் பதிலாக வேறொரு நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. உள்ளே யுடிசி பிழையாகவே இருப்பதால், பதிவுக் கோப்புகள் உட்பட எல்லாவற்றிலும் அந்தப் பிழை தொடரும்.

பழைய கணினிகளில் கவனிக்க வேண்டியது, கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலுள்ள சிமாஸ் பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 வகையைச் சேர்ந்த அந்த 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரத்தைத் துண்டித்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அந்நிலையில் நிறுவத் தொடங்கினால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றும், மென்பொருள்களைத் தரும் தொகுப்புக் களஞ்சியத்தின் கோப்பு எதிர்காலத்தைச் சேர்ந்தது என்றும் பிழைச் செய்திகள் வரும். இணைய இணைப்பையோ களஞ்சியத்தின் நகலைத் தரும் மிரர் சர்வரையோ குறை சொல்லி அலைவது வீண். சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடுவதோ ஆபத்து. நிறுவுமுன் பேட்டரியை மாற்றி, பிறகு பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் சென்று தேதியைச் சரிசெய்ய வேண்டும்.

அலுவலக வலையமைப்பில் ஒத்திசைவு நடக்கவில்லையெனில், நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி நெறிமுறை பயன்படுத்தும் யுடிபி 123 ஆம் போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கக்கூடும். மற்ற தளங்கள் வழக்கம்போல் திறப்பதால் இது எளிதில் கண்ணில் படாது. வலையமைப்பு நிர்வாகியிடம் உள்ளக நேர சர்வரின் முகவரியைக் கேட்டு அமைப்பதே முறை.