ஆயா வீட்டுப் பல்லி, அணில், ஆமை, தெருநாய்: கடலூர், புதுச்சேரிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் கடலூரிலோ புதுச்சேரியிலோ போய் இறங்கினால், கோயில், கடற்கரையெல்லாம் அப்புறம்தான். முதலில் கண்ணில் படுவது சுவரில் பல்லி, முருங்கை மரத்தில் அணில், மொட்டைமாடியில் காகம், வாசற்படியில் நாய். ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கதையும் ஒரு பலனும் இருக்கும். நாம் ஊரிலேயே இருந்திருந்தால் பிள்ளைகள் அவற்றைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அதனால் பத்து வருஷம் கழித்துப் போன முதல் நாளே ஆயாவிடம் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிடாதீர்கள். பாம்புக்கடி, நாய்க்கடி இரண்டில் மட்டும் யார் சொன்னாலும் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அணிலில் தொடங்கலாம். சேது பாலத்துக்கு மணல் சுமந்த அணிலை ராமர் மூன்று விரலால் தடவிக்கொடுத்தார், அதுதான் முதுகில் கோடு என்ற கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வீட்டு அணிலுக்கு மூன்று கோடு. வட இந்தியத் தோட்டங்களில் ஓடுவது வேறு இனம், அதற்கு ஐந்து கோடு. புதுச்சேரிக்கு மாநில விலங்கு இந்த அணில்தான், மாநிலப் பறவை குயில். கூவுவது கறுப்பு நிற ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருப்பதால் பார்த்தவர்கள்கூட குயில் என்று நம்பமாட்டார்கள். அது கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். அமாவாசையில் முன்னோருக்கென்று வைக்கும் சோற்றைக் கொத்திக்கொண்டு போகிற காகம், சில மாதங்களில் அதைக் குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். கூவலைக் கேட்க வேண்டுமென்றால் டிசம்பர் பயணம் சரிவராது, மாசி பங்குனிக்கு மேல் போக வேண்டும். அந்தப் பருவத்தில்தான் காகம் தலையில் தட்டுவதும் நடக்கும். சனி பிடித்துவிட்டது என்பார்கள். பக்கத்து மரத்தில் கூடும் குஞ்சும் இருக்கும், அவ்வளவுதான். நாலு நாள் குடை பிடித்துப் போனால் போதும்.

பல்லிக்குச் சாத்திரமே உண்டு. இந்தத் திசையில் சொன்னால் இன்ன பலன், இந்த உறுப்பில் விழுந்தால் இன்ன பலன் என்பதைப் பஞ்சாங்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பல்லி சொல்லை நிமித்தமாகப் பார்ப்பது சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்மயிர்கள் உண்டு. பசை எதுவும் கிடையாது, மயிருக்கும் சுவருக்கும் இடையிலான மூலக்கூறு ஈர்ப்புதான் அதைத் தாங்குகிறது. சுவர் ஈரமானாலோ சுண்ணாம்பு உதிர்ந்தாலோ பிடி நழுவும், இரண்டு ஆண் பல்லிகள் சண்டை போட்டாலும் விழும். குழந்தை தலையில் விழுந்துவிட்டால் அத்தை தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார், ஊற்றிவிடுங்கள். காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வா என்றால், நாள் இருந்தால் போங்கள், நல்ல கோயில். பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் பல்லி விழுந்த பாலைக் கொட்டிவிடுவது சரிதான், அதன் எச்சத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

விலங்குக் கதைகளுக்காகவே போக வேண்டிய இடங்கள் கடலூரைச் சுற்றியே இருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரிலேயே பாதிரி மரமும் புலிக்கால் முனிவரும் இருக்கிறார்கள். திருவந்திபுரத்தில் பெருமாளின் தாகத்துக்குக் கருடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள், அது தாமதிக்கவே ஆதிசேஷன் வாலால் பூமியைப் பிளந்து நீர் எடுத்தான் என்பது தலபுராணம். பாம்பு எடுத்தது சேஷ தீர்த்தம், கருடன் கொண்டுவந்தது கெடிலம் ஆறு. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. சின்ன வயதில் அதனிடம் ஆசி வாங்கியதைப் பிள்ளைகளிடம் சொல்லி ஆசைகாட்டி அழைத்துப் போகாதீர்கள். பறவை பார்க்க ஊசுட்டேரி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியைக் கடற்கரையிலும் சொல்வார்கள். முட்டை பொரிய ஏறக்குறைய 50 நாள், மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இரவில் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும். கடைவீதியில் பவழப்பாறைத் துண்டு, உலர்ந்த கடற்குதிரை, நரிக்கொம்பு என்று யார் நீட்டினாலும் வாங்க வேண்டாம். நரிக்குக் கொம்பே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். மயிலிறகு வீட்டில் இருக்கலாம், பெட்டியில் வைத்து நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது.

பாம்பு. சாரையும் நல்ல பாம்பும் இணைசேரும் என்பது உண்மையில்லை. பின்னிப் பிணைந்து எழும்புவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் வலிமை காட்டுவது. புற்றில் ஊற்றும் பாலைப் பாம்பு குடிப்பதில்லை. இதெல்லாம் கேட்க நல்ல கதைகள். பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. அது இரவில் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடி பெரும்பாலும் வலிக்காது. விடிகாலையில் வயிற்று வலியும், தூக்கம் போல இமை சரிவதும்தான் அடையாளம். ஆயாவோடு தரையில் படுக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கொசுவலையை விரித்து, நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே.

இனி நாய். டிசம்பர், ஜனவரியில் தெருவில் குட்டிகள் நிறைய இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் கழுத்துப்பட்டை போட்ட நாயையே பார்த்து வளர்ந்தவர்கள், குட்டியைக் கண்டால் தூக்கிவிடுவார்கள். குட்டி பல்லால் கவ்வும், இல்லாவிட்டால் தாய் ஓடிவந்து கடிக்கும். உடனே வீட்டில் ஆளுக்கொரு பேச்சு எழும். "நம்ம தெரு நாய்தாம்மா, தெனம் சோறு வைக்கறோம், ஒன்னும் ஆவாது." "பால்குடி மறக்காத குட்டிக்கு ஏது விஷம்?" "பச்சிலை குடுக்கறவரு ஒருத்தரு இருக்காரு, இங்கிலீஷ் மருந்து சேரக்கூடாதும்பாரு." "நாளைக்குக் காதுகுத்து, அது முடிஞ்சு பாத்துக்கலாம்." அத்தனையும் பாசத்தில் வருவது. அத்தனையும் தவறு. குட்டிக்கும் வெறிநோய் வரும். சோறு வைக்கும் நாயையும் போன வாரம் வேறு நாய் கடித்திருக்கலாம். வெறிநோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய பிழைப்பே இல்லை. அந்த அறிகுறி வர வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அதாவது காதுகுத்து நல்லபடி முடிந்து, எல்லாரும் விமானம் ஏறி, பள்ளிக்கூடம் திறந்த பிறகு.

செய்ய வேண்டியது இது. முதலில் காயத்தை ஒரு போட்டோ எடுங்கள், இரண்டு நொடி வேலை. கழுவிய பிறகு காயம் சின்னதாகத் தெரியும், ரத்தம் கசிந்ததை மருத்துவர் நம்புவதற்கு அந்தப் படம் உதவும். அடுத்து குழாயடிக்கு அழைத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டு, குளியல் சோப்பை நுரைத்து நுரைத்துக் கழுவுங்கள். முழுதாக 15 நிமிடம், போனில் மணி வைத்துக்கொண்டு. இரண்டு நிமிடத்தில் குழந்தை அழும், ஐந்து நிமிடத்தில் சித்தப்பா "போதும் விடு" என்பார். விடாதீர்கள். இந்தக் கிருமிக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைக்கிறது. அது நரம்புக்குள் போய்விட்டால் சோப்பும் எட்டாது, மருந்தும் எட்டாது. கழுவிய பின் பொவிடோன் அயோடின் தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கிளறிக் கிருமியை ஆழத்துக்கு அனுப்பும். தோல் கிழிந்ததா என்று சந்தேகமா? ஸ்பிரிட் தொட்டு எரிந்தால் கிழிந்திருக்கிறது.

மந்திரிப்பதற்குப் பெரியவர்கள் வற்புறுத்தினால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். "அத்தை, மந்திரிக்கறத நாளைக்கு வெச்சுக்கலாம், ஊசி இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மர். தெருமுனை கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசியோடு அனுப்பிவிட்டால் அது ரணஜன்னிக்கானது, வெறிநோய்க்கு அல்ல. வயிற்றைச் சுற்றிப் போட்ட 14 ஊசிக் காலம் போய்விட்டது. அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004-ஓடு நின்றுவிட்டது.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. கடி மூன்று வகை. காயமில்லாத தோலை நாய் நக்கினால் முதல் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி மட்டும். ரத்தம் வந்தாலோ, புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (எதிர்ப்புச் சக்தியை நேராகவே தரும் மருந்து) வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் இருப்பது இந்த மருந்துதான். கையில் குத்தினால் மட்டும் போதாது, காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து எடுத்தது 40. 20 கிலோ குழந்தைக்கு முறையே 400, 800. முதல் நாளே போடுவது நல்லது, முதல் தடுப்பூசிக்கு 7 நாளுக்குப் பிறகு போடக்கூடாது. "இருப்பு இல்லை, வெளியே வாங்கிட்டு வாங்க" என்றால் ஐஸ் பெட்டியில் வாங்கி வாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஐஸ் மேல் நேரே படுத்து உறைந்தால் வீண். காயம் பெரிதாக இருந்தாலும் அன்றே தையல் போடாமல் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

தடுப்பூசியில் இரண்டு முறை. தோலுக்குள் போடுவது: இரண்டு கையிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28-ஆம் நாட்கள். அரசு மருத்துவமனைகளில் வழக்கம் இது. தசையில் போடுவது: 0, 3, 7, 14, 28. இரண்டும் சமமாக வேலை செய்யும். ஆனால் மூன்று வார விடுப்பில் போனவருக்குக் கடைசி ஊசி வெளிநாட்டில்தான் விழும். அங்கே பல ஊர்களில் தசை முறை மட்டுமே பழக்கம், பாதியில் மாற்றினால் அங்குள்ள மருத்துவர் குழம்புவார். அதனால் முதல் நாளே "எங்களுக்கு இன்ன தேதி விமானம்" என்று சொல்லித் தசை முறை கிடைக்குமா என்று கேளுங்கள். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. சின்னக் குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள், புட்டத்தில் போடவிடாதீர்கள். அட்டையில் மருந்தின் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தேதி, தோலா தசையா என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கத்தரிக்காய், கருவாடு, கோழி கூடாது என்ற பத்தியம் எதுவும் இல்லை. அந்த வாரம் முழுக்கக் குழந்தையைப் பட்டினி போடாமல் ஆயா சமைத்ததைச் சாப்பிடவிடுங்கள். கிளம்பும் முன்பே முன்தடுப்பூசி போட்டிருந்தால் கடித்த பின் 0, 3 என்று இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

நாயை யாரும் அடித்துக் கொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்த நாய் 10 நாள் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை. மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்பதை அப்போது மருத்துவரே சொல்வார். கொன்றுவிட்டால் அந்தக் கணக்கே போய்விடும். எந்த நாய் என்று அடையாளத்தோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் அதற்குள் கிளம்பிவிட்டால் தினமும் ஆயாவுக்குப் போன் செய்யுங்கள். சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, தாடை தொங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா, பின்னங்கால் இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் ஆயா அவசரமாகப் பதில் சொல்லி வைத்துவிடுவார். மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் கேட்கும் முன்பே, காலையில் எத்தனை மணிக்கு வந்தது, என்ன வைத்தேன், எவ்வளவு தின்றது என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.