ஜோகன்னஸ்பர்க் குளிரில் காரின் ஹீட்டர் குளிர்காற்று ஊதினால்

சென்னையிலோ மதுரையிலோ கார் ஓட்டிப் பழகியவர்கள் பலர், வெப்பநிலைத் திருகைச் சிவப்புப் பக்கம் ஒரு முறைகூடத் திருப்பியிருக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஆனியும் ஆடியும் குளிர்காலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த நகரில், அதிகாலையில் குளிர் சில நாள்களில் பூஜ்ஜியம் வரை இறங்கி, வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியில் வெள்ளையாக உறைபனி படிந்துவிடும். அதன்மேல் வெந்நீரை ஊற்றிக் கண்ணாடியில் விரிசல் விழச் செய்தவர்கள் நம்மில் உண்டு, தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடிச் சூடேறும் கூலன்ட் என்ற திரவம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. அதன்மேல் விசிறிக் காற்று பட்டுச் சூடாக உள்ளே வருகிறது. எனவே எஞ்சின் சூடேறும் வரை ஐந்து, பத்து நிமிடங்கள் குளிர்காற்று வருவது பழுதன்று. அதன் பிறகும் குளிர்காற்றே வந்தால்தான் கவலைப்பட வேண்டும், அதுவும் ஹீட்டரைவிட எஞ்சினைப் பற்றி.

முதலில் பார்க்க வேண்டியது கூலன்ட் அளவு. இரவு முழுவதும் நின்று ஆறிய காரின் பானெட்டைத் திறந்து, பிளாஸ்டிக் தொட்டியில் அளவு இரு கோடுகளுக்கும் இடையே இருக்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது; அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கார் ஓடும்போது வெப்பமும் சிக்னலில் நிற்கும்போது (இங்கே சிக்னலை ரோபோ என்பார்கள்) குளிரும் மாறி மாறி வந்தால், கூலன்ட் குறைந்திருக்கிறது அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்த நாட்டில் பெட்ரோல் பங்கில் பணியாளரே பெட்ரோல் போடுவார். ஆயிலும் தண்ணீரும் பார்க்கவா என்று அன்போடு கேட்பார். ஆயிலுக்குச் சம்மதியுங்கள், சூடான எஞ்சினில் குழாய்த் தண்ணீர் ஊற்ற மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெறும் தண்ணீர் இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பூஜ்ஜியத்தில் உறைந்துவிடும், உள்ளே துருவும் பிடிக்கச் செய்யும். காரின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை, பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே முறை.

அளவு சரியாக இருந்தும் குளிர்காற்று வந்தால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் கையை வைத்து, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே சூடாக இருந்தால் கோளாறு டேஷ்போர்டுக்குள், காற்றைத் திருப்பிவிடும் கதவில் இருக்கும்; திருகைத் திருப்பும்போது உள்ளே டக் டக் என்று ஓசை கேட்டால், அந்தக் கதவை அசைக்கும் சிறு மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் அந்தச் சிறு ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது அதற்குச் செல்லும் வால்வு மூடியே இருக்கலாம். இரண்டும் குளிர்ந்திருந்தால் கூலன்ட், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை கூலன்டை முன்னால் உள்ள பெரிய ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு), கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

என் முதல் கார் கடற்கரை நகரமான டர்பனிலிருந்து வந்த பழைய வண்டி. ஜூன் மாதத்தில் நெடுஞ்சாலையில் ஏறியதும் வெப்பமானியின் முள் அடியிலேயே கிடந்தது. ஹீட்டரோ வெதுவெதுப்பு என்ற பேச்சுக்கே இடமின்றி ஊதியது. பிரித்துப் பார்த்தபோது தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. டர்பனின் வெக்கையில் எஞ்சின் சூடாகிறதென்று யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரிலும் நடக்கும் வைத்தியம்தான். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் இதே தொல்லையைத் தரும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சற்று நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸும் எஞ்சினோடு சேர்ந்து படிப்படியாகச் சூடேறத் தொடங்கினால் அதுவே அடையாளம். புதிய தெர்மோஸ்டாட் விலை குறைந்த உதிரிபாகம், தயங்காமல் மாற்றுங்கள்.

கூலன்ட் ஊற்றிய பின் காற்றை வெளியேற்றுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். காரின் மூக்கு சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவிட்டு இயக்கினால், தொட்டியில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும், அளவு இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழிகள் நின்றதும் மூடிவிடலாம். சில கார்களில் இதற்கெனத் தனித் திருகாணி இருக்கும். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்து, புகைக்குழாயில் வெண்புகையும் தொடர்ந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கக் கூடும். அப்போது காரை ஓட்டாமல் வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்லுங்கள். கராஜ் என்று கேட்டால் இங்கே பெட்ரோல் பங்குக்குத்தான் வழி காட்டுவார்கள்.

உள்ளே இனிப்பான வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்து, முன்னிருக்கைப் பயணியின் காலடி விரிப்பு நனைந்திருந்தால் சிறு ரேடியேட்டரே ஒழுகுகிறது. பல கார்களில் அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால், செலவு உதிரிபாகத்தைவிடக் கூலியில்தான் ஏறும். இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். சிந்திய கூலன்டை உடனே துடையுங்கள், அந்த இனிப்புக்காக அதை நக்கும் நாய்க்கும் பூனைக்கும் அது நஞ்சு.

டர்பனுக்குப் போகும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் 2024 செப்டம்பரில் பனி கொட்டி, வாகனங்கள் இரவெல்லாம் சிக்கி நின்றன. எனவே வேலை முடிந்த மறுநாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது தொட்டியின் அளவை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, அது கோட்டில் அப்படியே நின்றால் மட்டும் அந்தப் பயணத்துக்குக் கிளம்புங்கள்.